கதீட்டரில் ‘ஹைட்ரோஃபிலிக் கோட்டிங்’ என்று பல மடங்கு விலை சொல்கிறார்களே, அது நிஜமாகவே உதவுமா?

கேள்வி கேட்டவர், அப்பாவுக்கு யூரின் கதீட்டர், அதாவது சிறுநீரை வெளியேற்ற உள்ளே விடும் குழாய், வாங்கப் போன இடத்தில் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார். ஹைட்ரோஃபிலிக் என்றால் தண்ணீரை விரும்புவது என்று அர்த்தம். கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கும் இதே வார்த்தையைச் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா என்றும் கேட்டிருக்கிறார்.

உதவும். ஆனால் ஒன்பது வருடமாக என் சம்பளம் இந்தக் கோட்டிங்கிலிருந்துதான் வருகிறது, அதனால் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் குழாய்களுக்குக் கோட்டிங் போடும் பிரிவில் இருக்கிறேன்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். சிறுநீர் தானாகப் பிரியாது. நாளைக்கு ஐந்து முறை சாதாரண பிவிசி குழாயில் ஜெல்லி தடவி, தானே உள்ளே செலுத்தி, காலி செய்துவிட்டு எடுத்துவிடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோட்டிங் போட்ட குழாய் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு பெருமையாக அவரிடம் நீட்டினேன். மறுநாள் காலையிலேயே போன்.

“ஏண்டா, வழவழன்னு போகும்னு சொன்னியே, கோந்து தடவின மாதிரி ஒட்டுதுடா. எடுக்கும்போது உயிரே போயிடுச்சு. ரத்தம் வேற.”

விசாரித்தால் நடந்தது இதுதான். பாக்கெட்டைப் பிரித்து, கூடவே இருந்த தண்ணீர்ப் பையை உடைத்துக் குழாயை நனைத்திருக்கிறார். அதுவரை சரி. அப்புறம் அதைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருக்கிறார், நடுவில் யாரோ வந்து பேசியிருக்கிறார்கள். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் கழித்து வந்து, பழக்க தோஷத்தில் அதன் மேல் ஜெல்லியையும் தடவி உள்ளே விட்டிருக்கிறார். தப்பு அவருடையது இல்லை. பெட்டியைக் கொடுத்த நான், எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சப்ஜா விதையை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்திருக்கும்போது கையில் மணல் மாதிரி உருளும். சர்பத்தில் போட்டால் சுற்றிலும் ஒரு வழுவழுப்பான உறை வந்துவிடும். அந்த உறையில் பெரும்பங்கு தண்ணீர்தான். விதை அதைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவே. ஊறிய விதை நாலைத் தட்டின் ஓரத்தில் விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள், நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். எங்கள் கோட்டிங்கும் அச்சு அசல் இதேதான். வழுக்குவது பிளாஸ்டிக் இல்லை, அது பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். தண்ணீர் போனால் அதுவே பசை.

வெறும் பிளாஸ்டிக் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளாது. சிலிக்கோன் குழாய் மேல் ஒரு சொட்டு விட்டால் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கும். கோட்டிங் போட்டதன் மேல் அதே சொட்டை விட்டால் அப்படியே படர்ந்துவிடும். இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது பாலிவைனைல் பைரோலிடோன், சுருக்கமாக பிவிபி. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயோடினில் வரும் ‘பொவிடோன்’ இதேதான். மாத்திரைகளில் பொடி உதிராமல் பிடித்துக்கொள்வதற்கும் இதைச் சேர்ப்பார்கள்.

பிவிபியைத் தண்ணீரில் போட்டால் கரைந்து ஓடிவிடும் என்பதுதான் சிக்கல். தண்ணீரோடு ஒட்டி உறவாட வேண்டும், ஆனால் கரைந்து போகக் கூடாது. அதனால் அதன் நீண்ட இழைகளைப் பிளாஸ்டிக்கோடும், ஒன்றோடொன்றும் முடிச்சுப் போட வேண்டும். புற ஊதா விளக்கில் காட்டி முடிச்சுப் போடுவது ஒரு வழி. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன வலை ஒன்றை அடியில் போட்டு அதற்குள் பிவிபியைச் சிக்க வைப்பது இன்னொரு வழி. முடிச்சு குறைந்தால் உடம்புக்குள் கரையும், கூடினால் தண்ணீரை உறிஞ்சாது, வழுக்காது. எங்கள் பிழைப்பே இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான்.

செய்முறை பார்க்க ரொம்பச் சாதாரணம். குழாய்களைக் கொத்தாகத் தொங்கவிட்டு, ஆல்கஹாலில் துடைத்து, கரைசலில் முக்கி, மெதுவாகத் தூக்குவோம். வேகமாகத் தூக்கினால் படலம் தடிமனாகிவிடும், கேட்பதற்குத் தலைகீழாக இருந்தாலும் அப்படித்தான். ஐப்பசி மழை தொடங்கினால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். காற்றில் ஈரம் ஏறினால் குழாய் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும், அந்த பேட்ச் முழுவதும் குப்பைக்குத்தான். தண்ணீருக்காகவே போடும் கோட்டிங்கை, போடும்போது தண்ணீரிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது!

அப்புறம் சோதனை. நனைத்த குழாயை இரண்டு ரப்பர் பட்டைகளுக்கு நடுவில் இடுக்கி, மெஷின் மெதுவாக இழுக்கும். ஒரு முறை வழுக்கினால் போதாது, அதே இடத்தைத் திரும்பத் திரும்ப இழுப்போம். திரையில் கோடு சமமாக ஓட வேண்டும். ஏழாவது எட்டாவது முறையில் கோடு மேலே ஏறத் தொடங்கினால் கோட்டிங் உரிகிறது என்று அர்த்தம்.

உரிந்தால் என்ன ஆகும்? சிறுநீர்க் குழாயில் உரிந்தால் பெரும்பாலும் சிறுநீரோடு வெளியே வந்துவிடும். ரத்தக்குழாய்க்குள் போகும் கம்பியிலும் கதீட்டரிலும் கதை வேறு. ஆஞ்சியோ செய்யும்போது உள்ளே விடும் வழிகாட்டிக் கம்பிகளிலும் இதே வகைக் கோட்டிங் உண்டு. அது இல்லாமல் வளைந்து நெளிந்த குழாய்களில் அவ்வளவு தூரம் போவது பெரும்பாடு. அதிலிருந்து துணுக்கு பெயர்ந்தால் ரத்தத்தோடு போய் எங்காவது அடைத்துக்கொள்ளும். 2015 நவம்பரில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ இதற்காகவே மருத்துவர்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. கோட்டிங் உள்ள கம்பியை உலோக ஊசி வழியாகப் பின்னால் இழுக்கக் கூடாது என்பது அந்தத் துறையில் பாலபாடம், ஊசியின் விளிம்பு கேரட் சீவுவது போல் சீவிவிடும்.

சரி, கதீட்டருக்கு வருவோம். தானே குழாய் விட்டு எடுக்கும் முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ், 1972-இல். கிருமியே இல்லாத குழாய் கட்டாயமில்லை, சுத்தமாக இருந்தால் போதும், நேரத்துக்குக் காலி செய்வதுதான் முக்கியம் என்றார். நம் ஊரில் எத்தனையோ பேர் ஒரே குழாயைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்துவது அந்த வழியில் வந்ததுதான். பிறகு 1983-இல் ஸ்வீடனிலிருந்து லோஃப்ரிக் என்ற கோட்டிங் போட்ட குழாய் வந்தது. கோட்டிங்கிலேயே உப்பு சேர்ப்பது இந்த வகையில் ஒரு நல்ல தந்திரம். வெறும் தண்ணீரில் ஊறிய படலம் உள்ளே போனதும், உடம்பின் ஈரச்சதை அதிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும், படலம் வற்றி ஒட்டும். உப்பு இருந்தால் தண்ணீர் படலத்திலேயே தங்கும். ஊறுகாய்க்கு உப்பு போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இது ஒரு தடவைக்கு மட்டும்தான். கழுவி வைத்து இரண்டாம் முறை பயன்படுத்தினால் சித்தப்பாவுக்கு நடந்தது உங்கள் அப்பாவுக்கும் நடக்கும். மேலே ஜெல்லியும் வேண்டாம். ‘இன்ஃபெக்‌ஷனே வராது’ என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். உராய்வு குறையும், உட்சுவரில் சிராய்ப்பு குறையும், அது உறுதி. தொற்று குறைகிறதா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை.

இனி கண். 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தபோது பயன்படுத்தியது பிஎம்எம்ஏ என்னும் கடினமான பிளாஸ்டிக். அது கருவிழியின் உட்புறத்தில் லேசாக உரசினாலே அங்குள்ள செல்கள் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்துவிடும், அந்தச் செல்கள் திரும்ப வளராதவை. பின்னாளில் அந்த லென்ஸ் மேல், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தான ஹெப்பாரினைப் பூசி, தண்ணீரோடு ஒத்துப்போகும்படி செய்தார்கள். அது கோட்டிங். இன்று ‘ஹைட்ரோஃபிலிக் லென்ஸ்’ என்று சொல்வது கோட்டிங் இல்லை, லென்ஸ் முழுவதுமே தண்ணீரை உறிஞ்சும் அக்ரிலிக். எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு தண்ணீர்தான்.

வேடிக்கை என்னவென்றால், கதீட்டரில் தண்ணீரை விரும்புவதற்கு விலை அதிகம், கண் ஆஸ்பத்திரியில் பொதுவாகத் தண்ணீரை வெறுக்கும் ‘ஹைட்ரோபோபிக்’ லென்ஸுக்குத்தான் விலை அதிகம். தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் கால்சியமும் போகும். சிலருக்கு, குறிப்பாகப் பின்னாளில் கண்ணுக்குள் காற்றோ வாயுவோ நிரப்பும் சிகிச்சை செய்தவர்களுக்கு, அந்த லென்ஸில் சுண்ணாம்பு படிந்து வெள்ளையாகிவிடுவதுண்டு. லென்ஸுக்குப் பின்னால் திரை மறுபடி மங்குவதும் ஹைட்ரோபோபிக்கில் குறைவு. எல்லா இடத்திலும் தண்ணீர்ப் பாசம் நல்லது என்று என் தொழிலை வைத்துச் சொல்ல முடியாது.

உங்கள் அப்பாவுக்கு என்ன வாங்கலாம்? ஏற்கெனவே எரிச்சல், ரத்தம், குழாய் உள்ளே போகச் சிரமம் என்று இருந்தால், மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கோட்டிங் உள்ளதைக் கட்டாயம் முயன்று பாருங்கள். நாளைக்கு ஐந்து என்றால் மாதம் 150 குழாய். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பணம் இடித்தால், சாதாரணக் குழாயும் ஜெல்லியும் வைத்து நேரம் தவறாமல் செய்வதில் ஒரு குறையும் இல்லை.

சித்தப்பா வீட்டில் இருக்கும்போது பழைய பிவிசிதான். வெளியூர் கிளம்பினால் மட்டும் என்னிடமிருந்து நாலைந்து வாங்கிக்கொள்வார். போன மாதம் திருச்செந்தூர் போயிருந்தார். லாட்ஜில் முதல் வேலையாக ஃபேனை அணைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, கதவையும் தாழ் போட்டுவிட்டுத்தான் பாக்கெட்டைப் பிரித்தாராம்.