கிடாவின் விலையைக் கேட்காதீர்கள், கிலோவின் விலையைக் கேளுங்கள்

கேள்வி: ஐயா, பூதப்பாண்டி பக்கம் சிறிது வயலும் பதினான்கு வெள்ளாடுகளும் வைத்துப் பிழைக்கிறேன். சென்ற வாரம் பத்து மாதக் கிடாக்கள் மூன்றைத் தரகர் ஒருவர் மூலம் உள்ளூர்ச் சந்தையில் விற்றேன். ஒன்றுக்கு 6,800 ரூபாய்தான் கிடைத்தது. அதே வாரம் எட்டயபுரம் சந்தையில் கிடா 12,000 ரூபாய்க்குப் போனதாகச் செய்தித்தாளில் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அதே ஈற்றில் பிறந்த கிடாக்கள் இன்னும் இரண்டு நிற்கின்றன. இவற்றை எட்டயபுரத்துக்கோ மேலப்பாளையத்துக்கோ கொண்டுபோனால் அந்த விலை கிடைக்குமா? எடை கூடுவதற்காகக் கடையில் தந்த டானிக்கையும் ஒரு மாதமாகக் கொடுத்து வருகிறேன்.

பதில்: உங்கள் கடிதம் கிடைத்ததும், மிச்சமிருக்கும் இரண்டு கிடாக்களையும் நூல் பிடித்து அளந்து சொல்லும்படி தொலைபேசியில் கேட்டேன். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு 23 அங்குலம், தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரை நீளம் 21 அங்குலம் என்றீர்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் ஏறத்தாழ உயிர் எடை கிலோவில் வரும். உங்கள் கிடாவுக்கு அது 17 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. விற்ற மூன்றும் இதே உருவம் என்றால், கிலோ 400 ரூபாய்க்குச் சற்று மேல் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. செய்தித்தாளில் வந்த 12,000 ரூபாய்க் கிடா 30 கிலோ இருந்திருந்தால் அதற்கும் கிலோவுக்கு 400 ரூபாய்தான். ஆகவே உங்களை யாரும் பெரிதாக ஏமாற்றிவிடவில்லை. ஏமாந்திருந்தாலும் அதை நீங்கள் அறிந்திருக்க வழியில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சந்தை நிலவரம் என்று வாராவாரம் வெளியாகும் செய்திகளில் ஓர் ஆட்டின் விலை இருக்கும். அதன் எடையோ வயதோ பெரும்பாலும் இருக்காது. கோயில் கொடைக்கு நேர்ந்த கருங்கிடா ஒன்று நிறத்துக்காகவே கூடுதல் விலை பெறும். பக்ரீத் நெருங்கும்போது ஊனமில்லாத, ஓராண்டு நிறைந்த கிடா தனி விலை பெறும். அந்த விலைகளை உங்கள் பத்து மாதக் குட்டியோடு ஒப்பிடுவது பொருந்தாது.

தோவாளைப் பூச்சந்தை உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே பிச்சிப்பூவை எவராவது கண்ணால் பார்த்து, கூடைக்கு இவ்வளவு என்று விற்கிறார்களா? தராசில் ஏறுகிறது, கிலோ விலை சொல்லப்படுகிறது, பொழுது விடிவதற்குள் அன்றைய விலை ஊருக்கே தெரிந்துவிடுகிறது. ஒரே நாளில் வாடிப்போகும் பூவுக்கு இருக்கும் அந்த மரியாதை, பத்து மாதம் குழை ஒடித்துப் போட்டு வளர்த்த கிடாவுக்கு இல்லை. சந்தையில் ஒரு துண்டைப் போர்த்தி அதற்குள் இரண்டு கைகள் விரல் பிடித்துப் பேசுகின்றன. வளர்த்தவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரகரின் முகத்தைப் பார்த்து நிற்கிறார். விரல்கள் எதைப் பேசின என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது. இந்த வழக்கத்தை நான் முப்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். ஒரு முறைகூட இது விற்பவருக்குச் சாதகமாக முடிந்து நான் கண்டதில்லை. தரகர் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் எடை தெரியாமல் அவர் முன்னால் நிற்பவர் விலை பேசுவதில்லை. சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறார்.

ஆகவே டானிக்குக்குச் செலவிடும் பணத்தில் ஒரு தொங்கு தராசு வாங்குங்கள். கொட்டகையின் உத்தரத்தில் அதைக் கட்டி, சாக்கில் நான்கு கால் துளை வெட்டித் தூளி போல் தொங்கவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, காலையில் தீவனம் வைப்பதற்கு முன் ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். கறிக்கடைக்காரர் உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே கறி எதிர்பார்க்கிறார். உங்கள் ஊரின் கறி விலையையும் கிடாவின் எடையையும் வைத்து அவர் போடும் கணக்கை நீங்களே வீட்டில் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போகலாம். சந்தைதோறும் தராசு வேண்டும் என்று நாகர்கோவிலில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நீங்களும் மனு கொடுங்கள்.

நீங்கள் கேட்காத கேள்விக்கு இப்போது வருகிறேன். பத்து மாதக் கிடா ஏன் 17 கிலோவைக்கூட எட்டவில்லை? நன்றாக வளர்ந்திருந்தால் 20 கிலோவைத் தாண்டியிருக்கும். கிடாவின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்க்கச் சொன்னபோது, வெள்ளைத்தாள் போல் வெளுத்திருக்கிறது என்றீர்கள். அது பெரும்பாலும் குடற்புழு இரத்தம் குடிப்பதன் அடையாளம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மதுரைப் பக்கம் தரை காயும் மாதங்களிலும் நம் வரப்புகளில் ஈரம் நிற்கிறது. பனி காயாத புல் நுனியில் ஏறி நிற்கும் புழுக்குஞ்சுகளை ஆடு மேய்ந்துவிடுகிறது. போதாததற்குக் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த வயலில், நத்தை கிடக்கும் கால்வாய் ஓரத்தில் மேய்க்கிறீர்கள். தட்டைப்புழு வருவது அந்த நத்தையின் வழியாகத்தான்.

இதற்கு டானிக் மருந்தல்ல. புழு இருக்கிறதா, என்ன புழு என்று கேட்காமலே புட்டியை எடுத்து நீட்டும் கடைக்காரர் வியாபாரம் செய்கிறார், வைத்தியம் செய்யவில்லை. ஆட்டுப் புழுக்கையை ஒரு சிறு டப்பாவில் எடுத்து அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதித்த பின் மருந்து வாங்குங்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. கண்மதிப்பில் குறைத்து ஊற்றினால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். அங்கேயும் அந்தத் தராசுதான் உதவும். சினையின் தொடக்கத்தில் இருக்கும் பெட்டைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் ஊற்றாதீர்கள். வெயில் ஏறிய பிறகு மேய்ச்சலுக்கு விடுங்கள். மழை நாளில் பலாக் குழையை வெட்டிக் கொட்டகையிலேயே தலைக்கு மேல் கட்டித் தொங்கவிடுங்கள்.

சந்தைக்கு முன்தினம் உப்பும் தவிடும் கலந்த தண்ணீர் கொடுத்தால் வயிறு நிறைந்து எடை தெரியும் என்று உங்களிடமும் யாராவது சொல்வார்கள். வாங்குபவர் விலாவைத் தட்டிப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிடுவார். வழியிலேயே வயிறு உப்பிக் கிடா சாகவும் கூடும்.

இரண்டு கிடாக்களுக்காக ஆரல்வாய்மொழியைத் தாண்டி அந்தச் சந்தைகளுக்கு வண்டி பிடிப்பது வாடகைக்கே கட்டாது. வழியில் எடையும் குறையும். விற்காமல் திரும்பினால், சந்தையில் ஒட்டிய ஆட்டுக்கொல்லி நோயைக் கொட்டகைக்குக் கொண்டுவரவும் கூடும். திரும்பிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்ட வேண்டும். அந்த நோய்க்கு ஒரு முறை தடுப்பூசி போட்டால் மூன்று ஆண்டு வரை காக்கும். போட்டிருக்கிறீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை.

இரண்டு கிடாக்களையும் இப்போது விற்காதீர்கள். புழுவுக்கு மருந்து கொடுத்த நாளன்று ஓர் எடை, அதிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒன்றாக நான்கு எடை எழுதி எனக்கு அனுப்புங்கள். எந்த மாதத்தில் விற்கலாம் என்பதை அந்த ஐந்து எண்களையும் பார்த்துச் சொல்கிறேன்.