பத்து காலத்துக்கு மேல மேட்ரிக்ஸ் நிக்குதே!

கேள்வி: ஏற்காட்ல இருக்கேன் சார், எம்எஸ்சி மேத்ஸ். காபி, மிளகு, ஆரஞ்சுன்னு 3 வரிசை, 12 மாசத்துக்கு 12 காலம் (column) வச்சு லேடெக்ஸ்ல (கணக்கு டைப் பண்ற சாஃப்ட்வேர்) மேட்ரிக்ஸ் போட்டா எரர் வருது. மைனஸ் வர்ற நம்பரும் நேரா நிக்கல. என்ன பண்றது? – வாசகி, ஏற்காடு

பதில்: உங்க கணக்குல தப்பே இல்லம்மா. ஏஎம்எஸ்மேத்ங்கிற (amsmath) லேடெக்ஸ் பேக்கேஜ்ல மேட்ரிக்ஸ்னா 10 காலம்தான், அதுக்கு மேல காலத்தைப் பிரிக்கிற & குறி போட்டா கண்டிப்பா எரர்தான். \செட்கவுண்ட்டர் கட்டளைல மேக்ஸ்மேட்ரிக்ஸ்கால்ஸை (MaxMatrixCols) 12-னு மாத்துங்க, அந்தப் பேர்ல எம், எம், சி மூணும் கேப்பிட்டல், இதுல சறுக்குனவங்க நெறைய பேரு. மைனஸ் விஷயம்தான் எனக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா எல்லா நம்பரையும் மேட்ரிக்ஸ் நடுவுல நிறுத்துறதால -5-ம் 12-ம் ஒரே நேர்ல நிக்காம தெரியும், படிக்கிறவங்களுக்கு கண்ணு வலிக்கும். மேத்டூல்ஸ் (mathtools) பேக்கேஜ் சேத்துட்டு, மேட்ரிக்ஸ் பேருக்குப் பின்னாடி ஒரு நட்சத்திரம், அடுத்து சதுர அடைப்புக்குள்ள சின்ன ஆர் (r), அவ்ளோதான், எல்லாம் வலப்பக்கமா வந்துரும். பிகின்ல போட்ட நட்சத்திரத்தை எண்ட்லயும் போடணும். பின்னம் வர்ற வரிசை நெருக்கமா இருந்தா வரிசை முடிவுல வர்ற \\ பக்கத்துல [4பிடி]ன்னு இடைவெளி குடுங்க, பிடிய இங்கிலீஷ்ல அடிக்கணும்.