இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது நடக்கலாம்? பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

கோபியிலிருந்து ஒரு பேரன்: அம்மாயிக்கு 78 வயது. வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தொடையில் ராடு (உலோகக் கம்பி) வைத்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மறுநாளே நிற்கச் சொல்கிறார்கள். ராடு வளைந்துவிடாதுங்களா?

சீக்கிரம் எழுந்து நிற்கட்டும் என்றுதான் ராடே வைக்கிறார்கள். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், படுக்கைப்புண் வரும், தொடைச்சதை கரையும். முறிந்த எலும்பு ஒன்றுசேர 3 மாதம் வாக்கில் ஆகலாம். அதுவரை கட்டிலில் கிடக்கத் தேவையில்லை. காலில் எவ்வளவு பாரம் போடலாம் என்று மட்டும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் வாக்கர் நகரணும், அடுத்து ஆபரேஷன் ஆன கால், கடைசியில் நல்ல கால். வலிக்குப் பயந்து நிற்க மறுத்தால், டாக்டர் எழுதிய வலி மாத்திரையை நடைக்கு அரை மணி நேரம் முன்பு கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

பெருந்துறை மருமகள்: அத்தைக்கு இடுப்பு மூட்டுப் பந்து மாற்றியிருக்கிறது. தோட்டத்து வீடு, கக்கூஸ் வெளியே, குந்திப் போகிற மாதிரி. பெட்பான் வைத்தால் அழுகிறார்.

அழாமல் என்ன செய்வார்? பலருக்கு வலியைவிட இதுதான் பெரிய கவலை. யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள், கவனியுங்கள். நடுவில் ஓட்டையுள்ள கமோடு நாற்காலி வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் போடுங்கள். உட்கார்ந்தால் முழங்காலைவிட இடுப்பு கொஞ்சம் மேலே இருக்கணும். குழி விழுந்த கயிற்றுக்கட்டில் ஆகாது. டாக்டர் சொல்லும்வரை குந்துவது, சம்மணம், கால்மேல் கால் எதுவும் வேண்டாம். வழியில் கிடக்கும் சாக்கு மிதியடியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

காங்கேயம் மகன்: அய்யன் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறுகிறார். எந்தக் கையில் பிடிக்கணும்?

நல்ல கால் பக்கத்துக் கையில். பாதிப்பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். அப்புறம், காபியைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். திண்ணை வரை அவரே வந்து குடிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நடந்தால் போதும்.

தாராபுரம்: எண்ணெய் போட்டு நீவலாமா?

வேண்டாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறினால் 108.

கரூர்: ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு கூடுமா?

ருசிக்குக் குடிக்கட்டும். முட்டை, பருப்பு, கொள்ளு, தயிர் தினமும் உள்ளே போகணும். நின்ற இடத்தில் விழுந்தே முறிந்தது என்றால் எலும்பு மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கான சோதனையும் மருந்தும் பற்றி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள், இன்னொரு பக்க இடுப்பும் இருக்கிறதல்லவா?