விரிசலா, வேலைப்பாடா?

கேள்வி: கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக நானும் கணவரும் நடத்துகிறோம். சம்பளத்துக்கு ஆள் இல்லை. சீசனில் மட்டும் ஒரு அக்கா உதவிக்கு வருவார். கடந்த டிசம்பரில் கோவையில் ஒரு கடையில் செராமிக் மேஜை விளக்கு ஆறு வாங்கினோம். ஒன்று 3,200 ரூபாய். புடைப்புப் புடைப்பாகச் சொரசொரப்பான வேலைப்பாடு, மேலே பச்சை கிளேஸ் (கண்ணாடிபோன்ற மெருகு). மூன்றே வாரத்தில் நான்கு விளக்குகளில் வலை பின்னியதுபோல விரிசல். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், "கைவேலை மேடம், அது டெக்ஸ்சர்" என்கிறார்கள். ஐந்தாவது விளக்கின் ஹோல்டரைத் தொட்ட என் மகனுக்கு ஷாக் அடித்தது. பில் ஹோம்ஸ்டே பெயரில் இருக்கிறது. அதில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சிட்டிருக்கிறார்கள். வழக்கு போட முடியுமா?

பதில்: போடலாம். அதற்கு முன் ஆறு விளக்கின் பிளக்கையும் பிடுங்கி வையுங்கள். நாளைக்கு உங்கள் அறையில் தங்கும் விருந்தினருக்கு ஷாக் அடித்தால், அவர் கோவைக் கடையைத் தேடிப் போக மாட்டார், உங்கள் மேல்தான் புகார் கொடுப்பார்.

விரிசலுக்கு வருவோம். கடைக்காரர் சொல்வதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. வேண்டுமென்றே விரிசல் விழவைத்து அழகு பார்க்கும் மெருகு ஒன்று உண்டு. சீனத்தில் பல நூற்றாண்டுகளாகச் செய்கிறார்கள். ஆனால் அந்த விரிசல் சூளையிலிருந்து வெளியே எடுக்கும்போதே பெரும்பாலும் இருக்கும், கடை அலமாரியிலும் கண்ணில் படும். வாங்கும்போது விரிசலே இல்லாமல் இருந்து, வீட்டுக்கு வந்தபின் விரிந்தால் கதை வேறு. சரியாகச் சுடாத மண் ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் உப்பும். மேலே கண்ணாடிபோல் இருக்கும் மெருகால் கூடவே நீள முடியாது, விரிந்துவிடும். உங்கள் ஊர் மஞ்சில் அது சீக்கிரமே நடந்திருக்கலாம். கடை "உங்கள் ஊர்க் குளிர்தான் காரணம்" என்றும் வாதாடும். மலையில் பயன்படுத்தப் போகிறோம் என்று வாங்கும்போதே சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அந்த வாதம் அங்கேயே அடிபடும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'குறைபாடு' என்பதற்கு விரிவான பொருள். தரத்தில் இருக்கும் குறை மட்டுமல்ல, விற்பவர் சொன்னதற்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசமும் குறைபாடுதான். ஆகவே பில்லையும் கடை அனுப்பிய படங்களையும் எடுத்துப் பாருங்கள். 'ஸ்டோன்வேர்' என்று எங்காவது இருக்கிறதா? அது அதிகச் சூட்டில் இறுகியது, தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. அந்தப் பெயரில் சாதாரணச் சுடுமண்ணை விற்றிருந்தால் விரிசலைப் பற்றியே பேச வேண்டியதில்லை, பெயரே பொய். சந்தையில் சட்டி வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்போமே, அப்படி விரிசல் விட்டதையும் விடாததையும் தட்டி, இரண்டின் சத்தமும் கேட்கும்படி வீடியோ எடுத்து வையுங்கள். பேனா மையை விட்டு ஊறுகிறதா என்று சோதிக்கும் வேலை வேண்டாம். சாட்சிப் பொருளை நாமே கறையாக்கக் கூடாது. தேவைப்பட்டால் வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமே முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆய்வுக் கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்லலாம், அதற்குத் தயாராக இருங்கள்.

உண்மையில் உங்கள் கையில் இருக்கும் பலமான ஆயுதம் அந்த ஐந்தாவது விளக்கு. விரிசலை அழகு என்று சொல்லலாம், ஷாக்கை யாரும் டெக்ஸ்சர் என்று சொல்ல முடியாது. ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து, ஹோல்டருக்குள் கம்பி எங்கே உரசுகிறது என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். சரிசெய்ய விடாதீர்கள். வயரின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், பி.வி.சி. மின்கம்பிக்கு அது கட்டாயம். "நான் தயாரிக்கவில்லை, விற்றேன் அவ்வளவுதான்" என்று கடை நழுவப் பார்க்கும். தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் விற்றவரையே பொறுப்பாக்க அதே சட்டத்தின் 86ஆம் பிரிவு இடம் தருகிறது. மகனுக்குக் காயம் இல்லை என்றால் அதற்காகப் பெரிய தொகை வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

"திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரி உங்களைத் தடுக்காது. பில்லில் கெடு எதுவும் இல்லாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம் என்கிறது சட்டம். நீங்கள் மூன்று வாரத்தில் படம் அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

எனக்கு யோசனையாக இருப்பது பில்லில் உள்ள பெயர்தான். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பதுதான் கடையின் முதல் வாதமாக இருக்கும். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது. ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோர்தான் என்று லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. இரண்டு அறை, நீங்கள் இருவர், சீசனுக்கு ஒரு அக்கா: இதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். அந்த பில்லைக் காட்டி ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைத் தொழிலுக்குக் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால் அதை வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு எப்படியும் கண்டுபிடிக்கும்.

கோவைக்கு அலைய வேண்டாம். பழைய சட்டத்தில் பெரும்பாலும் கடை இருக்கும் ஊருக்குத்தான் போக வேண்டும். இப்போது நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திண்டுக்கல் மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் முடியும், காணொளி விசாரணையும் கேட்கலாம். 19,200 ரூபாய்க்குக் கட்டணம் கிடையாது; 5 லட்சம் வரை இலவசம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆய்வகம் போனால் ஐந்து மாதம், இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட இழுக்கும்.

அதனால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு போன் போடுங்கள். பல கடைகள் அங்கேயே இறங்கி வரும். வராவிட்டால் 15 நாள் கெடு வைத்து, ஆறு விளக்குக்கும் பணம் கேட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பெண் என்பதால் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவிக்கு உங்களுக்கு உரிமை உண்டு. சட்ட உதவி எண் 15100இல் கேட்டால் வழி சொல்வார்கள். அப்புறம், விளக்குகள் வந்த அட்டைப்பெட்டிகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தயாரிப்பாளர் பெயர் எங்காவது இருந்தால் அதில்தான் இருக்கும்.