தம்புவின் மக்காச்சோளம்

கேள்வி: ஜிம்பாப்வே எழுத்தாளர் ட்ஸிட்ஸி டங்கரெம்பாவின் ‘நெர்வஸ் கண்டிஷன்ஸ்’ (1988) நாவலை இப்போதுதான் படித்தேன். அண்ணன் செத்ததற்கு வருத்தப்படவில்லை என்று ஒரு பெண் சொல்வதில்தான் கதையே ஆரம்பிக்கிறது. கூடப்பிறந்தவன் சாவுக்குக் கலங்காதவளை நாயகியாக எப்படி ஏற்பது?

பதில்: முதல் வரியில் எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்த மக்காச்சோளத்தை மறந்துவிட்டு, கதை சொல்லும் அந்தப் பெண் தம்புவைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டில் இருக்கிற காசு பையன் படிக்கத்தான். புத்தகத்தைச் சமைத்துப் புருஷனுக்குப் போடுவாயா என்று பெற்ற அப்பாவே கேட்கிறார். சரி, நானே சம்பாதித்து ஃபீஸ் கட்டுகிறேன் என்று அந்தச் சின்னப் பெண் விதை கேட்டு வாங்கி, தனியாகப் பாடுபட்டு வளர்த்த மக்காச்சோளக் கதிர்களைத் திருடி மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது யார்? இதே அண்ணன்தான். மிஞ்சியதை விற்க வாத்தியார் அவளை டவுனுக்குக் கூட்டிப்போகிறார், அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இரக்கப்பட்டு 10 பவுண்ட் கொடுக்கிறாள், அது தெரிந்ததும் அப்பா பள்ளிக்கூடத்துக்கே போய் மகள் பணம் என் பணம் என்று நிற்கிறார்! அண்ணன் இறந்த பிறகு, படிக்க அனுப்ப வேறு பையன் இல்லை என்பதால்தான் மிஷன் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைக்கிறது. ஒரு பெண் படிக்க அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளை சாகவேண்டியிருந்தது. என் கோபமெல்லாம் அந்த ஏற்பாட்டின் மேல்தான், அவள் மேல் துளியும் இல்லை.

அப்புறம் தம்புவின் பெரியம்மா மைகுருவைக் கவனித்தீர்களா? இங்கிலாந்துவரை போய் மேல்பட்டம் வாங்கியவள், வேலைக்கும் போகிறாள், ஆனாலும் சம்பளம் அவள் கைக்கு வருவதில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள், ஐந்தே நாளில் திரும்பியும் வந்துவிடுகிறாள். எனக்கு அந்த ஐந்து நாள் பெரிதாகத்தான் தெரிகிறது.

கேள்வி: புருஷனை விட்டுப் போகாமலே எதிர்த்து நிற்கிற பெண் யாராவது ஆப்பிரிக்க நாவலில் உண்டா?

பதில்: செனகலின் மரியாமா பா 1979-ல் பிரெஞ்சில் எழுதிய நாவலை (ஆங்கிலத்தில் ‘சோ லாங் எ லெட்டர்’) படியுங்கள், முழுக்க ஒரு நீண்ட கடிதம். அதை எழுதும் ரமதுலாய் 12 பிள்ளை பெற்றவள். மூத்த மகளின் தோழியையே புருஷன் இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொள்கிறான், அப்போதும் இவள் விலகவில்லை. அவன் செத்து நாற்பதாம் நாள், துக்கம் முடிந்ததும் உன்னை நான் கட்டிக்கொள்கிறேன் என்று அவனுடைய அண்ணன் வந்து நிற்கிறான். முப்பது வருஷம் வாய் திறக்காதவள், இமாமும் உட்கார்ந்திருக்க, நான் கைமாற்றிக்கொள்ளும் சாமான் இல்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள்.