ரிமோட்டில் பறக்கவிடும் மாதிரி விமானங்களில், பழகுவதற்கான ட்ரெய்னருக்கு அடுத்து மஸ்டாங் போர் விமான மாதிரியை வாங்கலாமா?

மஸ்டாங் இப்போதைக்கு வேண்டாம். ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) உள்ள, இறக்கை கீழே அமைந்த ஃபோம் ஸ்போர்ட் விமானம் ஒன்றை, இறக்கை முனைக்கு முனை 1.2 மீட்டர் அளவில் பாருங்கள்.

உங்கள் ட்ரெய்னருக்கு இறக்கை மேலே, முனைகள் சற்றுத் தூக்கியிருக்கும். ரிமோட்டின் குச்சியை விட்டால் தானாக நிமிரும். மஸ்டாங் நிமிராது. முனை குறுகிய இறக்கை, எடையும் அதிகம். தரையிறங்கத் திரும்பும்போது வேகம் குறைந்தால் ஒரு பக்கம் சட்டென்று சரியும், அவ்வளவுதான், ஃபோம் துண்டுகளைப் பொறுக்க வேண்டியதுதான்.

வாங்குமுன் ட்ரெய்னரை நல்ல உயரத்துக்கு ஏற்றி, ஜைரோவை (ஆட்டத்தைத் தானே திருத்தும் கருவி) அணைத்து, த்ராட்டிலை (மோட்டார் வேகம்) குறைத்து எலிவேட்டரை (மூக்கைத் தூக்கும் வால் மடல்) மெல்ல இழுங்கள். மூக்கு கவிழ்ந்ததும் பதறாமல் மீட்க வருகிறதா? அப்புறம், விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் குழம்பாமல் எட்டு போட முடிகிறதா? இரண்டும் வந்தால் சரி.

“ஜைரோ இருக்கே” என்று கடையில் ஆசை காட்டுவார்கள். அது காற்றின் ஆட்டத்தைக் குறைக்கும். வேகம் போன இறக்கையைத் தாங்காது.