சாமி கண்ணைக் குத்துமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன், பக்கத்துப் பையனின் ஷார்ப்னரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கேட்டால் "டீச்சர் குடுத்தாங்க" என்று கூசாமல் பொய் சொல்கிறான். அவன் அப்பா இரண்டு அடி வைத்தார். என் மாமியார் "சாமி கண்ணைக் குத்தும்" என்றார். நான் 'புலி வருது' கதையைச் சொல்லிப் பார்த்தேன். திருடுவது தப்பு என்று அவனே சொல்கிறான். தெரிந்துகொண்டே ஏன் செய்கிறான்? எனக்குத் தூக்கமே வரவில்லை.
– ஒரு அம்மா, தாராபுரம்

பதில்: நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. முப்பது வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். இந்த வயதில் ஒரு பொருளை எடுக்காத பிள்ளையைத்தான் தேட வேண்டும்.

தெரிந்தும் ஏன் செய்கிறான் என்பது நல்ல கேள்வி. அமெரிக்காவில் 3 முதல் 8 வயது வரையான பிள்ளைகளிடம் ஸ்டிக்கர் கொடுத்து, இன்னொரு பிள்ளைக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டார்கள். 2013-ல் வந்த ஆய்வு இது. சரிபாதி தர வேண்டும் என்றுதான் எல்லா வயதுப் பிள்ளைகளும் சொன்னார்கள், ஆனால் உண்மையில் கொடுக்கிற நேரம் வந்ததும் சின்னவர்கள் தங்களுக்கே அதிகம் வைத்துக்கொண்டார்கள், 7, 8 வயதுக்காரர்கள்தான் சொன்னபடி கொடுத்தார்கள். தப்பு எது என்கிற அறிவு முன்னாலேயே வந்துவிடுகிறது, ஆசையை அடக்கும் பலம் பின்னால் மெதுவாக வருகிறது. உங்கள் பையன் இப்போது நடுவில் நிற்கிறான்.

அடி வேண்டாம், வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2011-ல் எழுதினார்கள். ஒன்றில் குச்சியடி, கிள்ளு. மற்றதில் கண்டிப்பதோடு சரி. அடி விழும் பள்ளியின் 3, 4 வயதுப் பிள்ளைகள்தான் அதிகம் பொய் சொன்னார்கள், அதுவும் மாட்டிக்கொள்ளாதபடி சாமர்த்தியமாகச் சொன்னார்கள். அடி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

அப்புறம் அந்தப் புலிக் கதை. நம் வீடுகளில் சொல்லாத பாட்டி இல்லை, நானும் வகுப்பில் நூறு தடவை சொல்லியிருப்பேன். இதே காங் லீ குழுவினர் 2014-ல் இதையும் சோதித்துப் பார்த்தார்கள் (அவர்கள் ஊர்க் கதையில் புலிக்குப் பதில் ஓநாய்). திரும்பிப் பார்க்காதே என்று சொல்லி பொம்மையைப் பின்னால் வைத்துவிட்டு வெளியே போனார்கள், பிறகு வந்து ஒரு கதை படித்துக் காட்டி, "பார்த்தியா?" என்று கேட்டார்கள். ஓநாய்க் கதை கேட்ட பிள்ளைகளிடம் உண்மை ஒன்றும் கூடவில்லை. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் சிறு வயதில் மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டார், அப்பா அவரைப் பாராட்டினார் என்கிற கதையைக் கேட்டவர்கள்தான் அதிகமாக உண்மையைச் சொன்னார்கள். அதே கதையில் அவர் பொய் சொல்லித் தண்டனை வாங்குவதாக முடிவை மாற்றியதும் அந்தப் பலனும் போய்விட்டது. எனவே பொய் சொன்னவன் கெட்ட கதையைக் குறைத்துக்கொண்டு, உண்மை சொன்னவனை அம்மா கட்டிக்கொண்ட கதையைச் சொல்லுங்கள்.

உங்கள் அத்தை சொன்ன சாமி விஷயம்... ஒரு நாள் போகும், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது, அதோடு அந்தப் பயம் தீர்ந்துவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், ஷார்ப்னரைப் பறிகொடுத்த அந்தப் பையன் இதில் எங்குமே வருவதில்லை. "டீச்சரே அடிக்கலாம்னு சொன்னா அடிக்கலாமா?" என்று நாலு வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், "கூடாது, வலிக்கும்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அடுத்தவர் வலி அவர்களுக்கு எட்டுகிற விஷயம்தான்.

என் வகுப்பில் ஒரு பையனின் டவுசர் பையில், கூடப் படிக்கும் பெண்ணின் நீலக் கிரையான் உருகித் துணியெல்லாம் கறை. "தானா வந்துச்சு டீச்சர்" என்றான். எடுத்தாயா என்று நான் கேட்கவேயில்லை, தெரிந்த பிறகு கேட்டால் அது பொய்க்கு அழைப்பு வைப்பதுபோல. "அவ வரைஞ்ச கடல் பாதியிலயே நிக்குதுடா, நீலம் இல்லாம உக்காந்திருக்கா" என்றேன். பத்து நிமிஷம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான், பிறகு அந்தப் பிசுபிசுப்பான துண்டை அவள் நோட்டின் மேல் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டான். நீங்களும் அவனோடு பள்ளிக்குப் போங்கள், ஷார்ப்னரை அவன் கையாலேயே கொடுக்கட்டும். நாலு பேர் முன்னால் வேண்டாம்.

கேள்வி: பாட்டிக்கு உதவப் போன பேரன், ஆறு பீங்கான் தட்டுகளைக் கீழே போட்டு உடைத்துவிட்டான். நாங்கள் திட்டவில்லை. நாலு வயதுப் பேத்தியோ "நிறைய ஒடைச்சான், நிறைய அடிங்க" என்கிறாள். இரக்கமே இல்லாத பிள்ளையா இவள்?
– ஒரு தாத்தா, காரைக்குடி

பதில்: இல்லை ஐயா. சுவிட்சர்லாந்தின் குழந்தை உளவியல் ஆய்வாளர் ழான் பியாஜே 1932-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதே கதைதான். ஒருவன் கதவைத் திறக்கும்போது தெரியாமல் 15 கோப்பைகள் உடைகின்றன, இன்னொருவன் ஜாம் திருடப்போய் ஒன்றை உடைக்கிறான், யார் கெட்டவன்? சின்னப் பிள்ளைகள் பலர் 15 உடைத்தவன் என்றார்கள். ஆனால் எந்த எண்ணத்தில் செய்தான் என்பதைப் படம் போட்டு விளக்கினால் 3, 4 வயதிலும் அதைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். பேத்தியை மடியில் வைத்து, "பாட்டிக்குக் கை வலிக்குதேன்னுதான் அண்ணன் தூக்கினான்" என்று சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டு வேலையில் உதவினால் மகளுக்குப் பத்து ரூபாய் கொடுக்கிறேன். இப்போது காசு இல்லாமல் எதுவும் செய்வதில்லை. அவளுக்கு ஐந்து வயது.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: காசை நிறுத்துங்கள். ஜெர்மனியில் வார்னெக்கன், டொமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள், துணி காயப்போடும்போது கிளிப்பைக் கீழே விட்டு எட்டாமல் தவிப்பதுபோல் நடித்துக் காட்டினார்கள். 18 மாதக் குழந்தைகளே நடந்து வந்து எடுத்துக் கொடுத்தன, யாரும் கேட்கவில்லை. இது 2006-ல். இரண்டு வருடம் கழித்து 20 மாதக் குழந்தைகளைப் பார்த்தபோது, உதவிக்குப் பரிசு வாங்கிய குழந்தைகள் பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவின. ஒரு வாரம் முறுக்கிக்கொள்வாள், விடுங்கள். நாளைக்கு மொட்டைமாடிக்கு வாளியைத் தூக்கும்போது அவளையும் கூட்டிப்போய், கிளிப் டப்பாவை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.